அட்டை வேறு, தடை வேறு

கேள்வி இது: சர்வதேசக் கால்பந்தில் நடுவர் காட்டிய சிவப்பு அட்டை தவறு என்று ஆட்டம் முடிந்தபின் தெரியவந்தால், அந்த வீரருக்கு அடுத்த ஆட்டத்தில் இருக்கும் தடையை ரத்து செய்யலாமா? அப்படிச் செய்தால் நடுவரின் சொல்லுக்கு மதிப்பு இருக்குமா?

ரத்து செய்யலாம் என்பதுதான் என் பதில். ஆனால் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அட்டை என்பது ஆட்டத்துக்குள் நடப்பது. நடுவர் கையை உயர்த்திவிட்டால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். அதைப் பின்னால் யாரும் சரிசெய்ய முடியாது, கோல் கணக்கையும் மாற்ற முடியாது. தடை அப்படியல்ல. அது ஆட்டம் முடிந்தபின் ஒரு குழு காகிதத்தில் எழுதும் தண்டனை. நடுவருக்குக் கிடைத்தது இரண்டு நொடி, ஒரே கோணம், காதைப் பிளக்கும் இரைச்சல். குழுவுக்குக் கிடைப்பது நாள் கணக்கில் நேரம், பல கோணங்களில் வீடியோ. இரண்டு முடிவும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இந்த விவாதத்தில் தவிர்க்க முடியாத பெயர் பிரான்சின் தடுப்பாட்டக்காரர் லோரான் பிளாங். 1998 ஜூலை 8, பிரான்சுக்கும் குரோஷியாவுக்கும் உலகக் கோப்பை அரையிறுதி. ஃப்ரீ கிக் அடிக்கப்படும் நேரத்தில் பிளாங்கும் ஸ்லாவன் பிலிச்சும் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தடுப்பாட்டக்காரர்களுக்கு அது அன்றாட வேலை. பிளாங்கின் கை பிலிச்சின் தாடைப் பக்கம் பட்டது. பிலிச் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஸ்பெயின் நாட்டு நடுவர் கார்சியா அராண்டா நேராகச் சிவப்பு அட்டையை எடுத்தார். தாடையில் பட்டதற்கு நெற்றியைப் பிடிப்பானேன் என்று வீடியோ பார்த்த எவருக்கும் கேட்கத் தோன்றும். அதே தொடரில் பராகுவேக்கு எதிராக கோல்டன் கோல் (கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தையே முடித்துவிடும் கோல்) அடித்து பிரான்சைக் காலிறுதிக்குக் கொண்டுபோனவர், சொந்த மண்ணில் நடந்த இறுதி ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. அவர் இடத்தில் ஃபிராங்க் லெபஃப் ஆடினார், பிரான்ஸ் பிரேசிலை 3-0 என்று வென்றது. அணி கோப்பையைத் தூக்கிவிட்டதால் அந்த அநியாயம் மறந்துபோகும் என்றுதான் நினைத்திருப்பார்கள். கால் நூற்றாண்டு கழித்தும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

விதி என்ன சொல்கிறது? உலகக் கால்பந்தை நடத்தும் அமைப்பான ஃபிஃபாவின் ஒழுங்கு விதித்தொகுப்பு இரண்டு விஷயங்களைத் தெளிவாக வைத்திருக்கிறது. சிவப்பு அட்டை வாங்கியவருக்கு அடுத்த ஆட்டத்தில் தானாகவே தடை வந்துவிடும். யாரும் தனியாக உத்தரவு போட வேண்டியதில்லை. அடுத்தது, மைதானத்தில் நடுவர் எடுத்த ஒழுங்கு முடிவுகள் இறுதியானவை, ஃபிஃபாவின் நீதிக் குழுக்கள் அவற்றைக் கிளறக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. முடிவில் கண்கூடான பிழை இருந்தால், உதாரணத்துக்கு ஆள் மாறி அட்டை காட்டப்பட்டிருந்தால், அந்த அட்டையால் வரும் தண்டனையை மட்டும் மறுபடி பார்க்கலாம்.

அந்த 'உதாரணத்துக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆள் மாறிப்போவது ஒரு எடுத்துக்காட்டுதான், எல்லை அல்ல. எழுத்தில் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அதை ஆள் மாறாட்டத்துக்கான கதவாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள். 'அது ஃபவுலே இல்லை' என்று சொல்லிக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினால் யாரும் திறப்பதில்லை.

மேல்முறையீடு செய்தால்? இரண்டு ஆட்டம் வரையிலான தடைக்கு ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவிடம் போக வழியில்லை. லொசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்றால், நான்கு ஆட்டம் வரையிலான தடைகளை அந்த மன்றம் எடுத்துக்கொள்ளாது என்று ஃபிஃபாவின் சாசனமே சொல்கிறது. சர்வதேசத் தொடரில் ஒரு ஆட்டத் தடைதான் பெரும்பாலும் வருவது, அதுதான் ஒருவரின் வாழ்க்கையையே புரட்டிப்போடுவது. மேலே போக வழியே இல்லாதது அதற்குத்தான்.

ஒரு ஆட்டம்தானே என்று கேட்பவர்கள் கிளப் கணக்கைச் சர்வதேச ஆட்டத்துக்குப் போடுகிறார்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒரு அணிக்கு 38 ஆட்டம். மூன்று ஆட்டம் உட்கார்ந்தால் வருத்தம்தான், ஆனால் மறுமாதம் யாருக்கும் நினைவிருக்காது. 2022 வரை உலகக் கோப்பையை வெல்ல ஏழு ஆட்டம் போதும். 48 அணிகள் என்று ஆனபின் எட்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. பிளாங்குக்கு அப்போது வயது 32, இன்னொரு உலகக் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே தண்டனை, ஆனால் எடை வேறு. எடை கூடக்கூட விசாரணையும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். 2025 நவம்பர் 13, டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். கிறிஸ்டியானோ ரொனால்டோ பந்து இல்லாத இடத்தில் தாரா ஓஷேயை முழங்கையால் இடித்தார். முதலில் மஞ்சள், வீடியோவைப் பார்த்தபின் நடுவர் சிவப்பாக மாற்றினார். போர்ச்சுகலுக்காக 226 ஆட்டம் ஆடியவருக்கு அதுதான் முதல் சிவப்பு அட்டை. முழங்கையால் தாக்கினால் குறைந்தது மூன்று ஆட்டத் தடை என்று விதித்தொகுப்பே சொல்கிறது. மூன்று ஆட்டத் தடை விதித்தார்கள், சரி. ஆனால் அதில் இரண்டை ஓராண்டு நன்னடத்தை நிபந்தனையில் நிறுத்திவைத்தார்கள். மிச்சமிருந்த ஒன்றை அவர் அர்மேனியாவுக்கு எதிரான ஆட்டத்திலேயே கழித்துவிட்டார்; அவர் இல்லாமலே போர்ச்சுகல் அதை 9-1 என்று வென்றது. 2026 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்துக்குத் தடையே இல்லை.

விதிப்படி இதில் தவறு இல்லை. தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரம் விதித்தொகுப்பில் இருக்கிறது. அட்டை சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கு இது. அடித்தவர் அடித்தார், வீடியோவும் பார்த்தாயிற்று. அவருக்குச் சலுகை கிடைத்தது. பிளாங் போல அடிக்காமலேயே அட்டை வாங்கியவர் வந்தால், 'நடுவரின் முடிவு இறுதியானது' என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். குற்றம் செய்தவர் கருணை கேட்கலாம், குற்றமே செய்யாதவர் நியாயம் கேட்க முடியாது. இதைவிட விசித்திரமான ஏற்பாடு வேறு எந்த விளையாட்டிலாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ரொனால்டோ முதல் ஆளும் இல்லை. 2011 அக்டோபரில் மான்டிநீக்ரோவுக்கு எதிராக எதிராளியை உதைத்து வெளியேறிய இங்கிலாந்தின் வெய்ன் ரூனிக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா மூன்று ஆட்டத் தடை போட்டது. அதாவது 2012 யூரோ என்ற ஐரோப்பியக் கோப்பையின் லீக் சுற்று முழுக்கக் கிடையாது. மேல்முறையீட்டில் அது இரண்டாகக் குறைந்தது. மூன்றாவது ஆட்டத்தில் உக்ரைனுக்கு எதிராக இறங்கி, ஆட்டத்தின் ஒரே கோலை அவர்தான் அடித்தார். உக்ரைன் ரசிகர்களுக்கு அன்று என்ன தோன்றியிருக்கும்?

இன்னும் பழைய கதை வேண்டுமென்றால் 1962 உலகக் கோப்பை, சிலி. அரையிறுதியில் சிலியின் எலாடியோ ரோஹாஸை உதைத்ததற்காக பிரேசிலின் கரிஞ்சா வெளியேற்றப்பட்டார். அன்றைக்குத் தானாக வரும் தடை இல்லை. குழு கூடி முடிவெடுக்க வேண்டும். பெருவைச் சேர்ந்த நடுவர் யமாசாகி, உருகுவே நாட்டுக் கோட்டு நடுவர் எஸ்தெபான் மரினோ சொன்னதன் பேரில்தான் அவரை வெளியேற்றினார் என்றும், குழு கூடியபோது மரினோ அங்கே இல்லை என்றும் பரவலாக எழுதியிருக்கிறார்கள். பின்னால் என்னென்ன பேரங்கள் நடந்தன என்று பல கதைகள் உலவுகின்றன, அவற்றுக்குள் நான் போகவில்லை. நடந்தது இதுதான்: கரிஞ்சாவுக்குத் தடை இல்லை. நான்கு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் அவர் ஆடினார், பிரேசில் செக்கோஸ்லோவாகியாவை 3-1 என்று வென்றது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது கால்பந்தில் அறுபது ஆண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

'தடையை ரத்து செய்யவே கூடாது' என்பவர்கள் இந்தக் கதைகளைத்தான் காட்டுவார்கள். பார்த்தீர்களா, கதவைத் திறந்தால் நட்சத்திரங்கள்தான் உள்ளே வருவார்கள் என்று. எனக்கு இது நேர் எதிரான பாடமாகத் தெரிகிறது. கதவு மூடித்தான் இருக்கிறது. நட்சத்திரங்கள் வருவது சன்னல் வழியாக. கதவை எல்லோருக்கும் திறந்து, வாசலில் விதியை எழுதி ஒட்டினால் சன்னலை மூடிவிடலாம்.

வீடியோவை ஆதாரமாகப் பார்க்கும் பழக்கம் ஃபிஃபாவுக்குப் புதிதும் இல்லை. 1994 உலகக் கோப்பை காலிறுதியில் இத்தாலியின் மவுரோ தசோத்தி ஸ்பெயினின் லூயிஸ் என்ரிகேயை முழங்கையால் அடித்து மூக்கை உடைத்தார். நடுவர் பார்க்கவில்லை, ஃபவுல் கூடக் கொடுக்கவில்லை. ஆட்டத்துக்குப் பிறகு வீடியோவைப் பார்த்து எட்டு ஆட்டத் தடை போட்டார்கள். 2014 உலகக் கோப்பையில் உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் இத்தாலியின் கியெலினியைக் கடித்ததும் அப்படித்தான். மைதானத்தில் அட்டையே இல்லை, பிறகு ஒன்பது சர்வதேச ஆட்டத் தடையும், நான்கு மாதம் கால்பந்தே ஆடக் கூடாது என்ற உத்தரவும் வந்தது. இரண்டும் சரியான முடிவுகள், சந்தேகமே இல்லை. ஆனால் நடுவர் தவறவிட்டதை வீடியோவில் பார்த்துத் தண்டிக்கலாம் என்றால், நடுவர் தவறாகக் கொடுத்ததை வீடியோவில் பார்த்து விடுவிக்கக் கூடாது என்பதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? முதல் வேலையில் நடுவரின் அதிகாரம் குறையவில்லை என்றால் இரண்டாவதில் மட்டும் எப்படிக் குறையும்?

மெஸ்ஸி வழக்கையும் சொல்ல வேண்டும், அது அட்டை வழக்கு இல்லை என்றாலும். 2017 மார்ச்சில் சிலிக்கு எதிரான ஆட்டத்தில் துணை நடுவரைத் திட்டினார் என்று நான்கு ஆட்டத் தடை விதித்தார்கள். பொலிவியாவுடன் அடுத்த ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது உத்தரவு வந்தது. அர்ஜென்டினா அதில் 2-0 என்று தோற்றது. மே மாதம் மேல்முறையீட்டுக் குழு, ஆதாரம் போதவில்லை என்று தடையை நீக்கியது. தண்டனை நான்கு ஆட்டம் என்பதால்தான் மேல்முறையீடு செய்யவே முடிந்தது. ஒரே ஆட்டம் என்றிருந்தால் அது பொலிவியாவோடு முடிந்திருக்கும், ஆதாரத்தை யாரும் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது எதிர்வாதங்கள். வீடியோ உதவி நடுவர் முறை வந்துவிட்டதே, இனித் தப்பான சிவப்பு அட்டை எங்கிருந்து வரும் என்பது ஒன்று. அந்த விஏஆர் உலகக் கோப்பைக்கு வந்தது 2018இல். நேரடிச் சிவப்பு அட்டைகளில் தவறு நிறையக் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முற்றிலும் நின்றுவிடவில்லை. 2025 ஜனவரியில் ஆர்சனலின் இளம் வீரர் மைல்ஸ் லூயிஸ் ஸ்கெல்லி உல்வ்ஸ் அணிக்கு எதிராக வெளியேற்றப்பட்டார். விஏஆர் அறையில் பார்த்தார்கள், அட்டை நிற்கட்டும் என்றார்கள். சில நாட்களில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் குழு தடையை ரத்து செய்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு மான்செஸ்டர் யுனைடெட்டின் புரூனோ ஃபெர்னாண்டஸுக்கும் இதுவே நடந்தது. விஏஆர் அறையில் இருப்பவருக்கும் அவசரம் உண்டு. சக நடுவரைத் திருத்தத் தயங்கும் மனித சுபாவமும் உண்டு.

இந்த இரண்டு ரத்துகளால் இங்கிலாந்தில் நடுவர்களின் அதிகாரம் இடிந்து விழவில்லை. அங்கே பல ஆண்டுகளாக 'தவறான வெளியேற்றம்' என்ற முறையீட்டு வழி இருக்கிறது. எல்லா அட்டைக்கும் முறையீடு குவியாததற்குக் காரணம், அங்கே கேட்கப்படும் கேள்வியே வேறு. 'நீங்கள் நடுவராக இருந்தால் அட்டை காட்டியிருப்பீர்களா?' என்று குழுவைக் கேட்பதில்லை. 'நடுவர் செய்தது கண்கூடான பிழையா?' என்றுதான் கேட்கிறார்கள். இரு பக்கமும் பேச இடமிருந்தால் அட்டை நிற்கும். 2012இல் மான்செஸ்டர் சிட்டியின் வின்சென்ட் கொம்பனியின் முறையீடு அப்படித்தான் தள்ளுபடி ஆனது. பாதி நாடு அவர் பக்கம் பேசியும் தடை நின்றது. வீம்புக்கு முறையீடு செய்தால் தண்டனையைக் கூட்டவும் முடியும். அந்தப் பயம் ஒரு நல்ல வடிகட்டி.

அதே இங்கிலாந்தில் 2014இல் நடந்தது கொஞ்சம் வேடிக்கை. செல்சிக்கு எதிராக ஆர்சனலின் அலெக்ஸ் ஆக்ஸ்லேட் சேம்பர்லெய்ன் பந்தைக் கையால் தட்டினார். சிவப்பு அட்டை வாங்கியது அதே அணியின் கீரன் கிப்ஸ். நான்தான் செய்தேன் என்று முன்னவர் மைதானத்திலேயே சொல்லிப் பார்த்தார், நடுவர் கேட்கவில்லை. பிறகு குழு கிப்ஸை விடுவித்தது. கையால் தட்டியவருக்கும் தடை இல்லை, ஏனென்றால் அந்தப் பந்து கோலாகாமல் எப்படியும் வெளியேதான் போயிருக்கும். ஒரே முறையீட்டில் ஆள் பிழை, தீர்ப்புப் பிழை இரண்டும் திருத்தப்பட்டன. ஆர்சனல் அன்று 6-0 என்று தோற்றது மட்டும் மாறவில்லை. அட்டையும் தடையும் வேறு என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

நேரம் இல்லை என்பது இன்னொரு எதிர்வாதம். உலகக் கோப்பையில் இரண்டு ஆட்டங்களுக்கு இடையே மூன்று நான்கு நாள்தான் இருக்கும், அதற்குள் விசாரணையா என்கிறார்கள். லீக் ஆட்டங்களிலும் பல நேரம் இடைவெளி அதேதான், அங்கே முடிகிறது. சாட்சிகளைக் கூட்டி வாதாட வேண்டிய வழக்கும் இல்லை இது. வீடியோ, நடுவரின் அறிக்கை, வீரரின் விளக்கம், மூன்று பேர், ஒரு மாலை. போதும்.

எனக்கு உண்மையிலேயே கனமாகத் தெரியும் எதிர்வாதம் வேறு. தடையால் நன்மை அடைவது யார் என்று பாருங்கள். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவின் கோலை சுவாரெஸ் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி, அசமோவா கியான் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டது, கானா வெளியேறியது. சுவாரெஸின் தடையால் பயனடைந்தது அரையிறுதியில் உருகுவேயைச் சந்தித்த நெதர்லாந்து. கானாவுக்கு ஒன்றும் இல்லை. ஆக, தடையை ரத்து செய்யும்போதும் பாதிக்கப்படுவது மூன்றாவது அணி. எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர் இல்லை என்று இரண்டு நாள் திட்டம் போட்டுவிட்டு, ஆட்டத்துக்கு முந்தைய இரவு 'அவர் வருகிறார்' என்று கேட்டால் யாருக்கும் எரியும். இதற்கு முழுத் தீர்வு இல்லை. முடிவை 48 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று கட்டினால் கொஞ்சம் தணியும். முறையீட்டு வழி இருப்பதும் எல்லா அணிகளுக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

விழுந்து நடித்தவரை என்ன செய்வது என்பதும் இதோடு ஒட்டிய விஷயம். 2002 உலகக் கோப்பையில் துருக்கியின் ஹகான் உன்சால் உதைத்த பந்து பிரேசிலின் ரிவால்டோவின் தொடையில் பட்டது, அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள், வெளியேற்றம். ரிவால்டோவுக்குப் பிறகு அபராதம் போட்டார்கள், ஆனால் தடை இல்லை. நடிப்பு என்று குழுவே ஒப்புக்கொண்டபின் ஒரு பக்கம் அபராதத்தோடு தப்பிவிடுகிறது, இன்னொரு பக்கம் ஆட்டத்தையே இழக்கிறது. இங்கிலாந்தில் 2017இலிருந்து நடுவரை ஏமாற்றி எதிராளியை வெளியேற்ற வைப்பவருக்கே தடை போடுகிறார்கள். சர்வதேச ஆட்டத்திலும் ரத்து செய்யும் குழுவின் கையில் இந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் நெற்றியைப் பிடிப்பவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இரண்டாவது மஞ்சள் அட்டை எனக்கே முடிவுக்கு வராத இடம். 2010 உலகக் கோப்பையில் ஐவரி கோஸ்டின் கடர் கெய்டா தானே வந்து மோதி முகத்தைப் பிடித்துக்கொள்ள, பிரேசிலின் காகா இரண்டாவது மஞ்சள் வாங்கி வெளியேறினார். போர்ச்சுகலுக்கு எதிரான அடுத்த ஆட்டம் அவருக்குப் போயிற்று. அது கண்கூடான பிழைதான். ஆனால் மஞ்சள் அட்டைகளுக்கெல்லாம் வழி திறந்தால், முதல் மஞ்சளும் தவறு என்று ஒவ்வொன்றாகத் தோண்டுவார்கள். வெளியேற்றத்துக்குக் காரணமான இரண்டாவது மஞ்சளை மட்டும் பார்க்கலாம் என்பது இப்போதைக்கு என் கணக்கு.

சரி, இப்படி ஒரு குழு 1998இல் இருந்திருந்தால்? அரையிறுதி புதன்கிழமை, இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. இடையே மூன்று முழு நாள். பிளாங்கின் கை மேலே போனது உண்மை, பட்டதும் உண்மை. மூன்று பேரில் ஒருவராவது 'முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோனால் நடுவர் அப்படித்தான் நினைப்பார், கண்கூடான பிழை என்று சொல்ல முடியாது' என்று வாதாடியிருப்பார். இரண்டுக்கு ஒன்று என்று பிளாங் ஜெயித்திருப்பார் என்பது என் ஊகம். தோற்றிருந்தாலும், தன் பக்கத்தை ஒருவர் கேட்டார் என்றாவது அவருக்கு இருந்திருக்கும். ரொனால்டோ அதே குழுவிடம் போயிருந்தால் வீடியோவை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, மூன்று ஆட்டமும் உட்காருங்கள் என்று சொல்லியிருப்பார்கள்.